‘ஹிடால்கோ’ உண்மைக் கதையா? விழுந்த குதிரை எழுந்து ஓடுமா?

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் உங்கள் மகளோடு ‘ஹிடால்கோ’ படம் பார்த்திருக்கிறீர்கள். உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டது என்று விளம்பரத்தில் இருக்கிறது. அரேபியப் பாலைவனத்தில் 3,000 மைல் பந்தயம் நடந்ததும், அதை மஸ்டாங் எனப்படும் ஒரு அமெரிக்கக் காட்டுக் குதிரை ஜெயித்ததும் நிஜமா என்று கேட்கிறீர்கள். கடைசியில் சாகக் கிடந்த குதிரை எழுந்து ஓடி ஜெயிக்கிறதே, அப்படி நடக்குமா என்று மகள் கேட்டிருக்கிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதல் கேள்வி வரலாற்றைப் பற்றியது. நான் வரலாற்று ஆய்வாளன் இல்லை, ஆர்வத்தில் தேடிப் படித்தவன். இரண்டாவது என் தொழில். கால்நடை மருத்துவம் படித்துவிட்டு வளைகுடாவில் பன்னிரண்டு ஆண்டுகள் எண்டியூரன்ஸ் எனப்படும் நெடுந்தூரக் குதிரைப் போட்டிகளில் பரிசோதனை மருத்துவராக நின்றிருக்கிறேன். அதனால் இரண்டாவதைத்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்லப்போகிறேன்.

படம் 2004-இல் வந்தது. ஜோ ஜான்ஸ்டன் இயக்கினார், விகோ மார்டென்சன் ஃபிராங்க் ஹாப்கின்ஸாக நடித்தார், ஓமர் ஷெரீஃப் அரபு ஷேக்காக வருகிறார். ஹாப்கின்ஸ் கற்பனைப் பாத்திரம் அல்ல. 1951-இல் இறந்துபோன ஓர் அமெரிக்கர். குதிரைகளோடு வேலை பார்த்தவர், மஸ்டாங் குதிரைகள் மேல் நிஜமான பற்று உள்ளவர், அவற்றைப் பற்றி நிறைய எழுதியவர். இதுவரை சந்தேகம் இல்லை. ஆனால் 400 நெடுந்தூரப் பந்தயங்களில் ஜெயித்தது, 1886-இல் டெக்சஸிலிருந்து வெர்மான்ட் வரை 1,800 மைல் ஓடி ஜெயித்தது, குதிரைச் சாகசக் காட்சிகள் நடத்திய பஃபலோ பில் என்ற அமெரிக்கரின் குழுவில் நட்சத்திரமாக இருந்தது, அப்புறம் இந்த அரேபியப் பந்தயம் என எல்லாவற்றுக்கும் மூலம் அவருடைய சொந்த வாய்மொழியும் எழுத்தும்தான். தாயார் லகோட்டா பழங்குடியைச் சேர்ந்தவர் என்பதும் அவர் சொன்னதுதான். படம் வந்த சமயத்தில் லாங் ரைடர்ஸ் கில்ட் என்ற நெடுந்தூரக் குதிரைப் பயணிகளின் அமைப்பு இதைத் துருவி ஆராய்ந்து, எல்லாம் புனைவு என்ற முடிவுக்கு வந்தது. பஃபலோ பில் பெயரில் வயோமிங்கில் இருக்கும் அருங்காட்சியகத்தின் ஆவணங்களிலும் ஹாப்கின்ஸ் பெயர் கிடைக்கவில்லை. நாளிதழ்கள் குதிரைப் பந்தயத்தைப் பக்கம் பக்கமாக எழுதிய காலம் அது. 400 பந்தயங்களில் ஜெயித்த ஒருவர் அந்தக் காலத்துச் செய்தித்தாள்களின் கண்ணில் படாமல் இருந்தார் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

அரேபியப் பந்தயத்துக்கு வருவோம். 1890–91 வாக்கில் ஏடனில் தொடங்கி சிரியா பக்கம் போய் முடிந்ததாகக் கதை. அப்போது ஏடன் பிரிட்டிஷார் கையில் இருந்தது. 1839-இல் பிடித்த அந்தத் துறைமுகத்தை அவர்கள் பம்பாயிலிருந்து நிர்வகித்தார்கள். கப்பலில் வந்து இறங்கும் நிலக்கரிக்குக்கூடக் கணக்கு எழுதிய நிர்வாகம் அது. நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக நடந்துவந்ததாகச் சொல்லப்படும் ஒரு மாபெரும் குதிரைப் பந்தயம் அந்த ஊரில் தொடங்கியிருந்தால், அதைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருப்பார்கள். இன்னொன்றும் இருக்கிறது. 1891 ஜனவரியில்தான் நடு அரேபியாவில் முலைதா போர் நடந்தது. ஹாயிலின் ரஷீதிகள் ரியாத்தின் சவூதிகளை அடியோடு வீழ்த்திய போர் அது. குலங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்த அந்த நிலத்தைக் குறுக்காகக் கடந்து விலை மதிப்பில்லாத குதிரைகள் வரிசையாகப் போக, யாரும் கை வைக்காமல் விட்டார்கள் என்றால் எப்படி நம்புவது? தூரமும் பொருந்தவில்லை. ஏடனிலிருந்து டமாஸ்கஸ் நேர்கோட்டில் சுமார் 2,500 கிலோமீட்டர். 3,000 மைல் என்றால் 4,800 கிலோமீட்டர், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

இனி தண்ணீர். வெயிலில் உழைக்கும் குதிரைக்கு ஒரு நாளைக்கு 40 முதல் 60 லிட்டர் வேண்டும். நூறு குதிரைகள் என்று வைத்துக்கொண்டால் தினமும் சுமார் 5,000 லிட்டர், அதாவது நம் தெருவுக்கு வருகிற சின்னத் தண்ணீர் லாரி ஒன்று. அதை ஒவ்வொரு நாளும், மாதக்கணக்கில், ஆளே இல்லாத மணலில் யார் கொண்டுவந்து நிறுத்துவார்கள்? அரேபியப் பாலைவன நாடோடிகளான பதூயின் மக்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். கொள்ளைக்கோ சண்டைக்கோ தூரமாகப் போகும்போது அவர்கள் ஒட்டகத்தின் மேல் ஏறிக்கொண்டு, பெட்டைக் குதிரையைப் பக்கத்தில் கயிற்றில் பிடித்து நடத்தித்தான் கூட்டிப் போவார்கள். வழியில் அதற்கு ஒட்டகப் பால் கொடுப்பார்கள். எதிரி கண்ணில் படும் கடைசி நேரத்தில்தான் குதிரை மேல் தாவுவார்கள். பாலைவனத்தில் தூரம் ஒட்டகத்துக்கு, வேகம் குதிரைக்கு என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. உலகத்தின் மிகச் சிறந்த குதிரை இனம் ஒன்றை உருவாக்கிய மனிதர்கள், அந்தக் குதிரைகளைத் தண்ணீர் இல்லாத மணலில் மாதக்கணக்கில் ஓடவிட்டுக் கொல்வார்களா? படத்தில் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது இதுதான்.

சரி, குதிரை எவ்வளவு தூரம்தான் போகும்? இதற்கு உறுதியான கணக்குகள் இருக்கின்றன. 1889 நவம்பரில் திமித்ரி பெஷ்கோவ் என்ற கோசாக் அதிகாரி, ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் இருக்கும் பிளாகோவேஷென்ஸ்க் ஊரிலிருந்து ஒரே ஒரு சின்ன வெள்ளைநரைக் குதிரையில் கிளம்பினார். சைபீரியக் குளிர்காலத்தை முழுவதும் கடந்து, 193 நாளில் சுமார் 8,800 கிலோமீட்டர் போய் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சேர்ந்தார். நாளுக்கு 46 கிலோமீட்டர் கூட வராது. 1935-இல் துர்க்மேனியர்கள் தங்கள் அகால்-தெக்கே குதிரைகளில் அஷ்காபாத்திலிருந்து மாஸ்கோவுக்கு 4,300 கிலோமீட்டரை 84 நாளில் கடந்தார்கள். வழியில் காராகும் பாலைவனமும் இருந்தது. நாளுக்கு 51 கிலோமீட்டர். 1920-களை ஒட்டி அமெரிக்க ராணுவத்துக்குக் குதிரைகளைத் தேர்ந்தெடுக்க நடத்திய போட்டியில் ஐந்து நாளில் 300 மைல் போக வேண்டும். நாளுக்கு 97 கிலோமீட்டர் அளவில். 1921-இல் கிராபெட் என்ற அரபுக் குதிரை 245 பவுண்டு சுமையோடு அதை ஜெயித்தது. இன்றைய எண்டியூரன்ஸ் போட்டியில் ஒரே நாளில் 160 கிலோமீட்டர் போகிறார்கள், ஆனால் அதற்கப்புறம் அந்தக் குதிரைக்கு வாரக்கணக்கில் ஓய்வு. எத்தனை நாள் நீள்கிறதோ அந்த அளவுக்கு நாள் சராசரி இறங்கிக்கொண்டே வருவதைப் பாருங்கள். பெஷ்கோவின் வேகத்தில் போனால் ஹாப்கின்ஸின் 4,800 கிலோமீட்டருக்கு நூறு நாளுக்கு மேல் ஆகும். ஒவ்வொரு மாலையும் லாயமும் தீவனமும் தண்ணீரும் கிடைத்தால் அது நடக்கக்கூடிய பயணம்தான். பாலைவனப் பந்தயமாக நடக்காது.

இந்தச் சராசரியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1892 அக்டோபரில் ஜெர்மானிய அதிகாரிகளும் ஆஸ்திரிய-ஹங்கேரிய அதிகாரிகளும் பெர்லினுக்கும் வியன்னாவுக்கும் இடையே, எதிரெதிர்த் திசையில், சுமார் 580 கிலோமீட்டர் பந்தயம் விட்டார்கள். கவுண்ட் வில்ஹெல்ம் ஸ்டார்ஹெம்பெர்க் 71 மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொண்டு ஜெயித்தார். அவருடைய குதிரை ஆதோஸ் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் செத்துப்போனது. அது மட்டுமல்ல, வழியிலும் முடிவிலும் இன்னும் பல குதிரைகள் செத்தன. ஓடியவை பாலைவனத்தில் அல்ல. ஐரோப்பாவின் நல்ல சாலையில், இலையுதிர்காலக் குளிர்ச்சியில், ஊருக்கு ஊர் தண்ணீர் இருந்த வழியில்.

இதற்குக் காரணம் குதிரையின் உடலிலேயே இருக்கிறது. குதிரை நம்மைப் போலவே வியர்த்துத்தான் உடலைக் குளிரவைக்கும். கடுமையாக உழைக்கும்போது ஒரு மணி நேரத்தில் 10 முதல் 15 லிட்டர் வரை வியர்வையாகவே போய்விடும். நம் வியர்வையில் தண்ணீர் அதிகம், உப்பு குறைவு. அதனால் வியர்க்க வியர்க்க ரத்தத்தில் உப்பின் அடர்த்தி ஏறும், தாகம் எடுக்கும். குதிரையின் வியர்வையிலோ உப்பு மிக அதிகம். தண்ணீரும் உப்பும் சேர்ந்தே வெளியேறுவதால், உடல் காய்ந்துகொண்டிருக்கிறது என்பது மூளைக்குத் தெரியாமலே போய்விடலாம். காய்ந்துபோன குதிரை தண்ணீர்த் தொட்டி முன்னால் நின்றும் குடிக்காமல் இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். புதிதாக வருகிற சவாரிக்காரர்கள் “தாகம் இல்லை டாக்டர், நன்றாக இருக்கிறது” என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்குப் பயம் வரும். உப்பு குறையும்போது இதயத்துடிப்போடு சேர்ந்து விலா ஓரம் விக்கல் மாதிரித் துடிக்கத் தொடங்கும். தசைகள் இறுகிச் சிதைந்து சிறுநீர் காபி நிறத்தில் வரும். குடல் ஓய்ந்துபோகும்.

காற்றில் ஈரப்பதம் கூடினால் இன்னும் மோசம், வியர்வை ஆவியாகாது. சென்னைப் புழுக்கத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2018-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் குதிரையேற்றப் போட்டியில், வெயிலும் புழுக்கமும் தாங்காமல் எண்டியூரன்ஸ் பந்தயத்தைப் பாதியிலேயே ரத்து செய்தார்கள்.

இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். கழுதைக்கு முடியவில்லை என்றால் நின்றுவிடும், அடித்தாலும் நகராது. குதிரை நிற்காது. கூட்டத்தோடு ஓடித்தான் பிழைக்க வேண்டும் என்று பல்லாயிரம் ஆண்டுகளாகப் பழகிய பிராணி அது. முன்னால் ஒரு குதிரை ஓடுகிறது, முதுகில் இருப்பவர் போ என்கிறார், அவ்வளவுதான், உயிர் போகும்வரை ஓடும். அதனால் நிற்கவேண்டிய இடத்தை அறிவது முழுக்க முழுக்க மனிதனின் பொறுப்பு. எண்டியூரன்ஸ் போட்டியின் விதிகள் அத்தனையும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கின்றன. 160 கிலோமீட்டரைச் சுற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பரிசோதனை வைத்திருப்பார்கள். குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் இதயத்துடிப்பு பொதுவாக 64-க்குக் கீழே இறங்க வேண்டும். ஈறை விரலால் அழுத்திவிட்டு ரத்தம் எத்தனை விநாடியில் திரும்புகிறது என்று பார்ப்போம். கழுத்துத் தோலைக் கிள்ளி விடுவோம், வயிற்றின் இரு பக்கமும் மேலும் கீழும் ஸ்டெதஸ்கோப் வைத்துக் குடல் சத்தம் கேட்போம், நொண்டுகிறதா என்று கொஞ்ச தூரம் ஓடவிட்டுப் பார்ப்போம். ஒன்று தவறினாலும் குதிரை வெளியே. முதலில் கோட்டைத் தொட்டுவிட்டு, கடைசிப் பரிசோதனையில் தோற்றால் வெற்றியும் கிடையாது.

ஒரு சம்பவம். 120 கிலோமீட்டர் போட்டி, மூன்றாவது பரிசோதனை. சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை ஒன்று, முதல் ஐந்துக்குள் வந்துகொண்டிருந்தது. துடிப்பு 62-க்கு இறங்கிவிட்டது. நடையிலும் குறை இல்லை. ஆனால் ஸ்டெதஸ்கோப்பை எங்கே வைத்தாலும் வயிற்றில் சத்தமே இல்லை. ஈறு மங்கிப்போய், அழுத்தினால் ரத்தம் திரும்ப மூன்று விநாடிக்கு மேல் ஆனது. நிறுத்தச் சொன்னேன். சவாரி செய்த இளைஞன் அழாத குறையாகக் கெஞ்சினான். பயிற்சியாளர் ஒரு வயதானவர். அவர் என்னிடம் ஒன்றும் பேசாமல், குனிந்து குதிரையின் வயிற்றில் தன் காதை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு நிமிர்ந்து, சேணத்தின் வாரை அவரே அவிழ்த்தார். இரண்டு மணி நேரம் கழித்து அது காலால் தரையைப் பறித்துக்கொண்டு, தன் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கத் தொடங்கியது. கோலிக் எனப்படும் வயிற்று வலி. விடிய விடிய நரம்பில் திரவம் ஏற்றினோம். காலையில் சாணம் போட்டு, ஒரு வாய் புல் கடித்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. அடுத்த சுற்றுக்கு அனுப்பியிருந்தால் அது மறுக்காமல் ஓடியிருக்கும். அந்தச் சுற்றிலேயே செத்தும் போயிருக்கும்.

இப்போது உங்கள் மகளின் கேள்வி. படத்தில் ஹிடால்கோ ஏற்கெனவே காயப்பட்டு, தண்ணீரின்றி, மணலில் சாய்ந்துவிடுகிறது. ஹாப்கின்ஸ் அதன் துன்பத்தை முடிக்கத் துப்பாக்கியை எடுக்கிறார். அவர் முன்னோர்களை அழைத்துப் பாடுகிறார், குதிரை எழுந்து நிற்கிறது, சேணம் இல்லாத வெறும் முதுகில் ஏறி நாலுகால் பாய்ச்சலில் போய் ஜெயிக்கிறார்கள். நிஜத்தில் நடக்காது. சோர்ந்து படுத்த குதிரை சில சமயம் எழுந்து நிற்கும், அது உண்மை. ஆனால் அப்படி எழுந்த குதிரைக்கு நிழலும் தண்ணீரும் உப்பும் மருத்துவமும் வேண்டும், குறைந்தது பல வாரம் ஓய்வு வேண்டும். அதன் மேல் ஏறிப் பாய்ந்தால் அங்கேயே முடிந்துவிடும். குதிரையின் மன உறுதி என்று நாம் கைதட்டும் அந்த இடத்தில், என் போன்றவர்களுக்கு ஒரு சாவு தெரிகிறது. படத்தை வெறுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். விகோ மார்டென்சன் அந்தக் குதிரையிடம் பேசும் விதம், தொடும் விதம் எல்லாம் குதிரையோடு பழகியவரின் விதம். ஹிடால்கோவாகப் பல குதிரைகள் நடித்தன. அவற்றில் டிஜே என்ற முக்கியமான குதிரையைப் படப்பிடிப்புக்குப் பிறகு அவரே விலைக்கு வாங்கிக்கொண்டார்.

இதே விஷயத்தை நேர்மையாகக் காட்டிய படம் 1975-இல் வந்த ‘பைட் தி புல்லட்’. ரிச்சர்ட் புரூக்ஸ் இயக்கம், ஜீன் ஹாக்மன், ஜேம்ஸ் கோபர்ன் நடிப்பு. 1908-இல் டென்வர் போஸ்ட் நாளிதழ் வயோமிங்கின் எவன்ஸ்டனிலிருந்து டென்வருக்கு நடத்திய பந்தயத்தைத் தழுவியது. அதில் ஒரு திமிர்பிடித்த இளைஞன் குதிரையை ஓட்டியே சாகடிப்பான். ஹாக்மன் அவனை அடித்து, அந்தக் குதிரையை அவன் கையாலேயே புதைக்க வைப்பார். முடிவில் இரண்டு நண்பர்களும் இறங்கி, தளர்ந்த குதிரைகளைக் கையில் பிடித்தபடி நடந்தே எல்லைக்கோட்டைக் கடப்பார்கள். கதை கற்பனை கலந்ததுதான். ஆனால் குதிரையைப் பற்றி அது பொய் சொல்லவில்லை. பெஷ்கோவின் பயணத்தையும் 2006-இல் ‘செர்கோ’ என்ற பிரெஞ்சுப் படமாக எடுத்தார்கள். ஜாரிடம் நியாயம் கேட்கப் போகும் இளைஞனாக அவரை மாற்றிவிட்டார்கள், நிஜத்தில் அவர் ராணுவ அதிகாரி.

இன்னும் யாரும் சரியாகப் படமெடுக்காத நிஜப் பந்தயம் ஒன்று இருக்கிறது. 1893 ஜூன் 13 அன்று நெப்ராஸ்காவின் சாட்ரன் ஊரிலிருந்து சிகாகோவில் உலகக் கண்காட்சியை ஒட்டி நடந்த பஃபலோ பில்லின் காட்சி மைதானம் வரை 1,000 மைல். ஒன்பது பேர், ஆளுக்கு இரண்டு குதிரைகள். முன்பு குதிரை திருடிச் சிறை சென்ற டாக் மிடில்டனும் அவர்களில் ஒருவர். பெர்லின்–வியன்னா கோரம் நடந்து ஓராண்டுகூட ஆகாததால் விலங்கு நல அமைப்புகள் கொதித்தெழுந்தன. கடைசியில் அந்த அமைப்புகளின் ஆய்வாளர்கள் வழியெங்கும் குதிரைகளைப் பரிசோதிக்கும் ஏற்பாட்டோடுதான் பந்தயம் நடந்தது. என் தொழிலின் மூதாதையர்கள் அவர்கள் என்று சொல்லுவேன். ஜூன் 27 அன்று ஜான் பெர்ரி ‘பாய்சன்’ என்ற குதிரையில் முதலில் வந்தார். ஆனால் பாதையை வகுத்ததில் அவருக்குப் பங்கு இருந்ததால் பரிசில் தகராறு வந்தது. சிலர் வழியில் குதிரையை ரயிலில் ஏற்றினார்கள் என்ற புகாரும் எழுந்தது. இரண்டு குதிரைகளை மாற்றி மாற்றி ஓட்டி, பழகிய சாலையில், நாடே பார்த்துக்கொண்டிருக்க 1,000 மைல் போனதற்கே இத்தனை ஆவணம் கிடைக்கிறது. இதற்கு இரண்டு மூன்று ஆண்டு முன்னால் ஒரே குதிரையில் 3,000 மைல் போனதாகச் சொல்லப்படுவதற்கு ஒன்றுமே கிடைக்கவில்லை.

இன்றைக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். வளைகுடாவின் தட்டையான மணல் தடங்களில் வேகம் கூடக்கூட, கால் எலும்பு முறிந்து குதிரைகள் இறப்பதும் கூடியது. 2015-இல் சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பு, குதிரைகளின் நலனைக் காரணம் காட்டி அமீரகக் கூட்டமைப்பைச் சில மாதம் இடைநீக்கம் செய்யும் அளவுக்குப் போனது. விதி இருந்தால் போதாது, அந்தச் சவாரிக்காரருக்கும் உரிமையாளருக்கும் நிறுத்த மனம் வேண்டும். நான் அங்கே இருந்தபோது இரண்டு வகை மனிதர்களையும் பார்த்தேன்.

மகளுக்குச் சொல்ல ஒரு கதை தருகிறேன், இது முழுக்க நிஜம். 1925-இல் ஐமே சிஃபெலி என்ற சுவிட்சர்லாந்துக்காரர், பள்ளி ஆசிரியர், மஞ்சா, காத்தோ என்ற இரண்டு கிரியோயோ குதிரைகளோடு அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸிலிருந்து நியூயார்க்குக்குக் கிளம்பினார். இரண்டும் இளங்குதிரைகள் அல்ல, பதினைந்து வயதை ஒட்டியவை. ஒன்றின் மேல் ஏறி, மற்றதன் மேல் மூட்டை ஏற்றி, ஆண்டிஸ் மலைகளையும் பாலைநிலங்களையும் காடுகளையும் கடந்து சுமார் 10,000 மைல். அவசரப்படவில்லை, மூன்று ஆண்டுக்கு மேல் ஆனது. மெக்சிகோவில் காத்தோ காயப்பட்டபோது சிஃபெலி அதை மேலே ஓட்டவில்லை. அங்கேயே சிகிச்சைக்கு விட்டுவிட்டு மஞ்சாவோடு மட்டும் போனார். 1928 செப்டம்பர் 20 அன்று நியூயார்க் சேர்ந்தார். அந்தத் தேதியைத்தான் அர்ஜென்டினா தேசியக் குதிரை நாளாகக் கொண்டாடுகிறது. அப்புறம் இரண்டு குதிரைகளும் கப்பலேறி ஊர் திரும்பின. தாங்கள் முன்பு இருந்த பண்ணையிலேயே புல் மேய்ந்துகொண்டு முப்பது வயதைத் தாண்டி வாழ்ந்தன. காத்தோ 1944-இலும் மஞ்சா 1947-இலும் இறந்தன. பாடம் செய்யப்பட்ட அவற்றின் உடல்கள் லுஹான் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் ஒன்றாக நிற்கின்றன. இணையத்தில் படம் இருக்கிறது, அவளோடு உட்கார்ந்து பாருங்கள். பழுப்பும் வெள்ளையும் திட்டுத்திட்டாக இருப்பதுதான் மஞ்சா.